பேச்சை மட்டும் மூடு

கரீம் பாய் கடையில் ஒரே ஒரு சட்டம்தான். சொல்ல வேண்டியதைச் சொன்னதும் போனை வைத்துவிட வேண்டும்.

அதற்குக் காரணம் இருந்தது. பிரியாணிக் கடை மேற்குத் தாம்பரத்தில். பார்சல் கவுண்டர் ஒன்று பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தை ஒட்டி. இரண்டுக்கும் சமைப்பது செம்பாக்கத்தில், ஏரிக்குப் பின்தெருவில். சமையற்கூடத்தில் இருந்தது ஒரே போன். ஒரு கடை அதைப் பிடித்து வைத்துக்கொண்டால் இன்னொரு கடைக்கு லைன் கிடைக்காது. அதனால் ஆர்டரைச் சொல், வை. இருக்கிறதா, இல்லையா, நேரமாகுமா என்றெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்காதே. ஏதாவது குறை இருந்தால் சமையல் மாஸ்டர் லாசரஸ் அண்ணன் திருப்பிக் கூப்பிடுவார்.

"எங்க அண்ணன் வெளியிலயும் அப்படித்தான்" என்பார் ஹஃபீசா அக்கா. கரீம் பாயின் தங்கை. பெருங்களத்தூர் கவுண்டர் அவர் பொறுப்பு. "ஒருத்தர் நிக்காஹ்வுக்குக் கூப்பிட்டார். கண்டிப்பா வர்றேன்னு சொல்லிட்டு, எந்த மண்டபம்னு கேக்காமலே வெச்சிட்டார்."

நான் அங்கே சேர்ந்தது வேறு வேலை இல்லாததால். பெருங்குடியில் இரவுப் பணியில் இருந்தேன். ஏதோ ஒரு நாட்டில் யாருடைய சர்வரோ விழுந்தால் நான் எழுப்ப வேண்டும். பகலில் தூங்கி, இருட்டில் விழித்து, யாரோடும் பேச எதுவும் மிச்சமில்லாமல் போனபோது விட்டுவிட்டேன். வீட்டில் சும்மா கிடந்தேன். ஒரு மதியம் பார்சல் வாங்கப் போன இடத்தில் ஹஃபீசா அக்கா, "கம்ப்யூட்டர் தெரியும்ல சுகு? ஆர்டர் எழுதி எழுதிக் கை போகுது, போன் பண்ணித் தொண்டை போகுது, எதாவது செய்" என்றார். செய்தேன்.

கரீம் பாய் எங்கிருந்தோ மூன்று பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள் வாங்கித் தந்தார். அதில் பெரிதாக எதுவும் ஓடாது. சி மொழியில் சின்னதாக எழுதினால் ஓடும். எனக்குத் தெரிந்ததும் அதுதான். இரண்டு கடைகளிலும் இருக்கும் நிரல் செம்பாக்கத்துப் பெட்டியோடு இணைப்பை ஏற்படுத்தும். ஆர்டரை வரி வரியாக அனுப்பும். முடிந்ததும் இணைப்பை மூடும். செம்பாக்கத்து நிரல் வருவதைப் படித்துக்கொண்டே இருக்கும். மறுபக்கம் மூடியதும் படிப்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரியும். ஆர்டர் முழுவதும் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு சீட்டை அச்சடிக்கும். அவ்வளவுதான். சொல்லிவிட்டு வைப்பது. பாயின் சட்டத்தை அப்படியே எழுதியிருந்தேன். அவருக்கும் பிடித்திருந்தது.

திருப்பிப் பேச வேண்டுமென்றால் மட்டும் லாசரஸ் அண்ணன் பழையபடி போன் செய்தார். அங்கேதான் சிக்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டன் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. அண்ணன் பெருங்களத்தூருக்குப் போன் செய்தார். ஹஃபீசா அக்காவின் போன் ஓயாமல் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தது. விழாக்காலக் கூட்டம், ஆளாளுக்குக் கூப்பிட்டுப் பார்சல் எடுத்துவைக்கச் சொல்கிறார்கள். லைன் கிடைப்பதற்குள் அக்கா இல்லாத மட்டனைப் பலருக்கும் விற்றிருந்தார். ஆட்டோவில் வெறும் சிக்கன் வந்து இறங்கியது. திண்டிவனத்துக்குப் போகிற குடும்பம் ஒன்று பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியம்மா கவுண்டர் பலகையைத் தட்டித் தட்டிப் பேசியதை யாரோ படம் பிடித்தார்கள். அன்று மாலை பாய் அதைப் பார்த்தார்.

மறுநாள் தாம்பரம் கடையின் பின்பக்கம் எங்களைக் கூப்பிட்டார்.

"பெருங்களத்தூர் இடத்துக்கு ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது" என்றார். "புதுப்பிக்கலாமா வேணாமான்னு இருக்கேன். வர்ற ஞாயிறு தீபாவளிக் கூட்டம். அன்னிக்கும் இதே கூத்துன்னா, பூட்டிடலாம். தாம்பரம் ஒண்ணு போதும்."

"பூட்டிட்டு நான் என்ன பண்ண?" என்றார் ஹஃபீசா அக்கா.

"இங்க வந்து பின்னாடி உக்காந்து கணக்குப் பாரு. முன்ன பார்த்துக்கிட்டிருந்த இல்ல?"

அக்கா எழுந்து நடந்தார். வெளியே வந்து ஸ்கூட்டியில் ஏறும்போதுதான் பேசினார்.

"அந்தப் பின்ரூம்ல ஜன்னல்கூடக் கிடையாது சுகு. மறுபடி அங்க போக மாட்டேன். கவுண்டர் என்னோடது. சமையற்கூடம் சொல்ற பதில் அதே மிஷின்ல, அதே நேரத்துல எனக்குத் தெரியணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள."

"சின்ன வேலைதான் அக்கா" என்றேன். சின்ன வேலை என்று சொன்னவுடனே பயம் வந்தது. அது வழக்கம்.

செம்பாக்கத்துப் பெட்டியால் பெருங்களத்தூர்ப் பெட்டியைக் கூப்பிட முடியாது. கவுண்டரில் இருப்பது சிம் கார்டு இணைப்பு. வெளியிலிருந்து அதைத் தேடிப் பிடிக்க வழியில்லை. அதனால் அக்கா திறக்கிற அதே இணைப்பில்தான் பதிலும் வர வேண்டும். லாசரஸ் அண்ணனுக்கு ஒரு விசைப்பலகை வைத்தேன். மசாலாக் கைக்காக அதன் மேல் பாலித்தீன் சுற்றினேன். இருக்கிறது, இல்லை, தாமதம் என்று மட்டனுக்கு மூன்று, சிக்கனுக்கு மூன்று பொத்தான்கள் மட்டும் வேலை செய்யும். அவர் அழுத்தினால் இரண்டு வரி போகும். முதல் வரியில் சரக்கு நிலவரம், இரண்டாவதில் ஆட்டோ நிலவரம்.

முதல் சோதனைக்கு நான் செம்பாக்கத்தில் இருந்தேன். பெருங்களத்தூரிலிருந்து ஆர்டர் வந்தது. சீட்டு அச்சானது. லாசரஸ் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, படத்துக்குப் பூ வைக்கிறவர் மாதிரி ஒரு விரலால் பொத்தானை அழுத்தினார்.

திரை காலியானது.

"இன்னா சுகு, பூட்ச்சா?"

"இருங்கண்ணா."

"நான் ஒண்ணும் பண்ல. மெதுவாதான் அமுக்குனேன். நீயே பாத்துகினு இருந்த."

அதற்குள் தாம்பரம் கடையிலிருந்து போன். ஆர்டர் போகவில்லை என்கிறார்கள். செம்பாக்கத்து நிரல் முழுவதுமாகச் செத்திருந்தது. காரணம் தெரிய அதிக நேரம் ஆகவில்லை. கவுண்டர், சட்டப்படி, ஆர்டரை அனுப்பியதும் இணைப்பை மூடிவிட்டது. மூடிய இணைப்பில் என் நிரல் பதில் எழுதியது. முதல் வரி போனது. இங்கே யாரும் இல்லை என்று மறுபக்கம் சொல்லிவிட்டது. அதைப் பொருட்படுத்தாமல் இரண்டாவது வரியையும் எழுதப் போனபோது இயங்குதளம் நிரலைக் கொன்றுவிட்டது. ஆளில்லாத இடத்தில் பேசினால் அங்கே அதுதான் தண்டனை.

"பதில் சொன்னா செத்துடுமா?" என்றார் லாசரஸ் அண்ணன். "எங்க வூட்லயும் அப்டிதான்பா."

அவர் மனைவி அங்கே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் அண்டாப் பக்கம் போய்விட்டார்.

சரி, மூடினால்தானே பிரச்சினை, மூடாமல் விடுவோம் என்று கவுண்டர் நிரலில் அந்த வரியை எடுத்தேன். ஆர்டரை அனுப்பு, பதில் வரும்வரை காத்திரு, பிறகு மூடு. இந்த முறை நான் பெருங்களத்தூரில் இருந்தேன். மதியக் கூட்டம் கலைந்திருந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஹஃபீசா அக்கா ஆர்டரை அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு தாம்பரம் பஸ் வந்து, ஆள் ஏற்றி, போனது. திரையில் ஒன்றும் இல்லை.

அக்கா போனை எடுத்து லாசரஸ் அண்ணனைக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அண்ணே, ஆர்டர் வந்துச்சா?"

"எங்கம்மா வந்துச்சு? நீங்க இன்னும் சொல்லிகினு கீறீங்கன்னு நான் குந்திகினு கீறேன்."

"நான் எப்பவோ சொல்லி முடிச்சிட்டேன்!"

"முட்ச்சிட்டேன்னு யார்கிட்ட சொன்னீங்கோ?"

"அதை வேற தனியா சொல்லணுமா? நீங்க பதில் சொல்வீங்கன்னு நான் காத்துட்டிருக்கேன்."

"முழுசா கேட்டாதானேம்மா பதில் சொல்ல முடியும்? பாதி ஆர்டருக்கு பதில் சொன்னா, அப்பால முட்டை கேட்டேன், தால்ச்சா கேட்டேன்னு நீங்கதான் சத்தம் போடுவீங்கோ."

"நான் எப்ப சத்தம் போட்டேன்?"

"இப்ப இன்னா பண்றீங்க?"

நான் குறுக்கே புகுந்து போனை வாங்கி வைத்தேன். இருவரும் சண்டை போட்டது அந்த நேரத்தில் இரண்டு பெட்டிகளும் செய்துகொண்டிருந்ததைத்தான். செம்பாக்கத்துப் பெட்டி, ஆர்டர் முடிந்தது என்று தெரியாமல் அடுத்த வரிக்குக் காத்திருந்தது. பெருங்களத்தூர்ப் பெட்டி, எல்லாம் சொல்லியாயிற்று என்று பதிலுக்குக் காத்திருந்தது. கரண்ட் போகும்வரை அப்படியே இருக்கும். மூடினால் சாகிறது, மூடாவிட்டால் உறைகிறது.

"ஆகாதா சுகு?" என்றார் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கையில் இருந்த பார்சல் நூலை விரலில் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஆகும். இருங்க."

ஆர்டரின் கடைசியில் முற்றும் என்பது போல ஒரு சொல்லை அனுப்பலாம் என்று யோசித்தேன். பலர் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அதற்குச் செம்பாக்கத்தில் படிக்கிற பகுதியையே மாற்ற வேண்டும். அதை மாற்றினால் தாம்பரம் கடையையும் மாற்ற வேண்டும். தீபாவளிக் கூட்டத்துக்கு முன்னால், ஓடிக்கொண்டிருக்கிற தாம்பரத்தில் கை வைக்க எனக்குத் துணிவில்லை. கவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்து கையேட்டுப் பக்கங்களைத் திறந்தேன். இணைப்பை மூடுகிற க்ளோஸ் என்ற கட்டளைக்குப் பக்கத்தில் ஷட்டவுன் என்று ஒன்று உண்டு. படித்திருக்கிறேன், ஒரு நாளும் பயன்படுத்தியதில்லை. பெயரைப் பார்த்தால் மொத்தத்தையும் இழுத்துப் பூட்டுவது போல இருக்கும். உண்மையில் அது பாதியை மட்டும் மூடத் தெரிந்தது. நெட்வொர்க் இணைப்பு ஒன்று என்றாலும் போக்கு இரண்டு. நான் எழுதுவது ஒரு போக்கு, நான் படிப்பது ஒரு போக்கு. எழுதுவதை மட்டும் மூடு என்று ஷட்டவுனிடம் சொல்லலாம். மறுபக்கத்துக்கு ஆள் முடித்துவிட்டான் என்று தெரிந்துவிடும். பதில் வருகிற வழி திறந்தே இருக்கும்.

எடுத்த வரியின் இடத்தில் ஒரே ஒரு வரி. அனுப்பினோம்.

அந்தப் பக்கம் சீட்டு அச்சாகிற சத்தம் கேட்க வழியில்லை. ஆனால் திரையில் முதலில் ஒரு வரி வந்தது, பிறகு இன்னொன்று. இருக்கிறது. ஆட்டோ கிளம்புகிறது.

"நிஜமாவே கிளம்புதா?" என்றார் அக்கா.

"சோதனைக்கு அமுக்கியிருப்பார்."

சோதனை இல்லை. சற்று நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் சீட்டைப் பார்த்துப் பிரியாணியை ஏற்றி அனுப்பிவிட்டார். அந்த மதியம் நாங்களும் பக்கத்துப் பூக்கடைக்காரரும் டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவரும் அதைச் சாப்பிட்டோம்.

அடுத்து பாயிடம் சொல்ல வேண்டும். சட்டத்தை மீறியிருக்கிறோம். சொன்ன பிறகும் லைனை வைக்காமல் இருக்கிறோம். சனிக்கிழமை தாம்பரம் கடையில் அவரைப் பார்த்து விளக்கினேன். அவர் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி.

"லாசரஸ் பதில் சொல்ற வரைக்கும் லைன் தொறந்தே கிடக்குமா? அவன் அண்டாவைக் கிளறிட்டு ஆற அமர வந்து அமுக்குவான். அதுவரைக்கும் தாம்பரம் ஆர்டர் வெளிய நிக்குமா?"

நிற்கும். அதுவரை நான் அதை யோசிக்கவில்லை. செம்பாக்கத்து நிரல் ஒருவரை முடித்த பிறகுதான் அடுத்தவரைப் பார்க்கும்படி இருந்தது. "நிக்காது பாய்" என்று சொல்லிவிட்டு, நேராகச் செம்பாக்கம் போய், வருகிற ஒவ்வொரு இணைப்புக்கும் நிரலின் தனி நகல் ஒன்று ஓடும்படி மாற்றினேன். தாம்பரம் பழையபடி மொத்தமாக மூடிவிட்டுப் போனாலும் சாகாமல் இருக்க இன்னும் ஒரு வரி சேர்த்தேன். மாலையில் போன் செய்து, "நிக்காது பாய்" என்று மறுபடி சொன்னேன். இந்த முறை உண்மை.

"பாதி மூடுறதுன்னா எனக்கு வெளங்கல தம்பி."

"பண்டிகைக்கு ஜி.எஸ்.டி. ரோட்டுல போலீஸ் ஒரு பக்கம் தடுப்பு போடுவாங்கல்ல? போற பக்கம் அடைச்சாலும் வர்ற பக்கம் வண்டி வரும். அதுதான்."

"நாளைக்கு நேர்ல வந்து பார்க்கறேன்" என்று வைத்துவிட்டார்.

ஞாயிறு காலையிலேயே பெருங்களத்தூர் நிரம்பிவிட்டது. தெற்கே போகிற பஸ் ஒவ்வொன்றும் நிறுத்தத்துக்கு முன்னாலேயே நிறைந்து வந்தது. பெட்டி, பை, பட்டாசு, குழந்தை என்று ஊரே சாலையோரம் நின்றது. நிற்கிறவர்களுக்குப் பசிக்கும். கவுண்டர் வரிசை பூக்கடையைத் தாண்டி வளைந்தது. நான் உள்ளே பார்சல் கட்டினேன். பெட்டியைப் பார்ப்பதைவிட அதில் பயம் குறைவு.

அக்கா ஆர்டர் அனுப்புவார். பதில் வரும். இருக்கிறது, கிளம்பியது. இருக்கிறது, கிளம்பியது. ஒரு முறை, தாமதம். தம்மில் இருக்கிற அண்டாவை இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். அக்கா வரிசையைப் பார்த்து, "அடுத்த அண்டா வர லேட்டாகும், அவசரக்காரங்க இப்பவே சொல்லிடுங்க" என்றார். சிலர் போனார்கள். யாரும் கத்தவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கிறவனைவிட, முன்னாலேயே தெரிந்து கிளம்புகிறவன் குறைவாகத்தான் திட்டுவான்.

நண்பகல் தாண்டியதும் அது வந்தது. மட்டன் இல்லை. சிக்கன் ஆட்டோவில் ஏறிவிட்டது.

அக்கா ஒரு நொடி திரையையே பார்த்தார். போன ஞாயிறு இந்தச் செய்திதான் வராமல் போனது. பிறகு சாக்பீஸை எடுத்துப் பலகையில் மட்டன் என்ற சொல்லின் மேல் குறுக்கே கோடு போட்டார். "மட்டன் முடிஞ்சிடுச்சு! சிக்கன் வேணும்கிறவங்க மட்டும் நில்லுங்க!"

கொஞ்சம் முணுமுணுப்பு. வரிசை சற்றுச் சுருங்கி மறுபடி நீண்டது.

அந்த நேரம் பார்த்துக் கரீம் பாய் வந்தார். சாலை அடைத்துக்கொண்டிருந்ததால் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். வேர்த்துக் கொட்டியது. நேராகக் கவுண்டருக்கு வந்து, "ரெண்டு மட்டன் கட்டும்மா" என்றார்.

"மட்டன் இல்ல."

"எனக்கும்மா."

"உங்களுக்கும்தான் இல்ல. முடிஞ்சிடுச்சுன்னு வந்திடுச்சு."

"காலையில நானே அண்டாவைப் பார்த்துட்டுதான வந்தேன். நிறைய இருந்துச்சு."

"காலையில இருந்துச்சு. இது இப்ப வந்தது." திரையை அவர் பக்கம் திருப்பினார்.

பாய் குனிந்து படித்தார். பின்னாலிருந்து ஒரு ஆள், கையில் சூட்கேஸ், குரலில் காலையிலிருந்து நின்ற கோபம்: "பாய், எல்லாரும் வரிசையிலதான நிக்கிறோம்? நீங்க மட்டும் என்ன ஸ்பெஷலா?"

"நான் இந்தக் கடை..."

"யாரா வேணா இருங்க. கடைசியில போய் நில்லுங்க."

அக்கா அடுத்த பையை எடுத்தார். பாய் அவரைப் பார்த்தார். உதவி வரவில்லை. ஸ்கூட்டரைச் சுவரோரம் நிறுத்திவிட்டுப் போய்ப் பூக்கடைக்கு அந்தப் பக்கம் கடைசியில் நின்றார். சிறிது நேரத்தில் முன்னால் நின்றவரோடு பேச ஆரம்பித்துவிட்டார். பிரியாணி நல்லா இருக்குமா என்று இவர் கேட்டிருக்க வேண்டும். அந்த ஆள் கையை விரித்து விரித்து ஏதோ சொன்னார். பாய் தலையாட்டி ஆட்டிக் கேட்டார்.

முறை வந்தபோது முகம் ஆறியிருந்தது.

"எத்தனை பேருக்கு இல்லன்னு சொன்ன?"

"கேட்ட எல்லாருக்கும்."

"சண்டை?"

"நீங்க மட்டும்தான்."

பாய் தாடியைத் தடவினார். "ஆபேல் சார் வூட்ல இருப்பாரா இப்ப?"

ஆபேல் சார் கவுண்டர் இருக்கிற கட்டடத்தின் சொந்தக்காரர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

"சர்ச் முடிஞ்சு வந்திருப்பார்" என்றார் அக்கா. குரலில் எதுவும் தெரியவில்லை. ஆனால் பார்சல் கட்டுகிற கை நின்றுவிட்டது.

"ரெண்டு சிக்கன் கட்டு. ஒப்பந்தம் பேசப் போறப்ப வெறுங்கையோட போக முடியாது."

நான்தான் கட்டினேன். பாய் பையை வாங்கி ஹேண்டிலில் மாட்டி, ஸ்கூட்டரைக் கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார். அடுத்த ஆளுக்கு ஆர்டர் எழுதத் தொடங்கிய அக்கா திடீரென்று, "டேய் சுகு, அதுல முட்டை வெச்சியா?" என்றார்.

வைக்கவில்லை.

"வாத்தியார்டா அவர்! முட்டை இல்லாத பார்சல்னா அதையே பத்து நிமிஷம் பேசுவார். ஓடு!"

அவித்த முட்டை இரண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஓடினேன். பாய் வெகுதூரம் போயிருக்கவில்லை. இரண்டு அரசுப் பேருந்துகளுக்கும் ஒரு தண்ணீர் லாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றார். முட்டையைப் பையில் போட்டேன்.

"தம்பி, நல்ல வேளை வந்த" என்றார். "மூணு வருஷம் போடச் சொல்லவா, அஞ்சு வருஷமான்னு அவ கிட்டக் கேட்டுட்டு வா. நான் எங்கயும் நகர மாட்டேன், பார்த்தல்ல?"

மறுபடி ஓடினேன். வரிசை இன்னும் நீண்டிருந்தது. சூட்கேஸ்களையும் குழந்தைகளையும் தாண்டி, கவுண்டரின் பக்கவாட்டுக் கதவில் தலையை நீட்டிக் கேட்டேன்.

அக்கா ஒரு கையால் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டும், மறு கையால் அடுத்த பையை இழுத்துக்கொண்டும் இருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அஞ்சு" என்றார். "அப்புறம் இந்தச் சுவத்துல எனக்கு ஒரு ஃபேன் மாட்டச் சொல்லு, வேகுது."

பேருந்துகள் இன்னும் நகரவில்லை. நடந்தே போயிருக்கலாம். ஓடினேன்.